மூன்றாம் எண் கூண்டின் கீழே

ஒடிசாவின் கோபால்பூருக்கு மழைக்காலத்தில் கேமராவோடு போகிறவர்கள் வெறிச்சோடிய கடற்கரையைத் தேடிப் போகிறார்கள். அங்கே வெறுமைக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்து யார் போனார்கள், ஏன் போனார்கள் என்பதுதான் படத்தில் விழுவதில்லை.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று உருவாகி ஒடிசா கரையை நோக்கி நகர ஆரம்பித்தால், கோபால்பூர் துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது. அடுத்த சில மணி நேரத்துக்குள் ஊரின் முகமே மாறிவிடும். ஃபைபர் படகுகளை அலை எட்டாத மேட்டுக்கு இழுத்து ஏற்றுகிறார்கள். சங்கு, சோழி மாலை விற்கிறவர்கள் சரக்கைத் தார்ப்பாயில் சுருட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். பொரி வண்டிகள் காணாமல் போகின்றன. ஓட்டல் மொட்டை மாடிகளில் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் கட்டப்படுகின்றன. வானமும் கடலும் ஒரே ஈய நிறம். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய கோடு அழிந்துபோகிறது.

குடும்பத்தோடு வந்த சுற்றுலாப் பயணிகள் பெட்டி கட்டும் இந்த நேரத்தில்தான் இன்னொரு ரகப் பயணி வந்து இறங்குகிறார். தோளில் ட்ரைபாட், முதுகில் கேமராப் பை, பையின் மேல் பிளாஸ்டிக் உறை. டீக்கடையில் அவரிடம் கேட்கப்படும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்த நேரத்தில் இங்கே என்ன இருக்கிறது என்று வந்தீர்கள்? ஒன்றும் இல்லாததைப் படம் எடுக்கத்தான் வந்தேன் என்று எப்படிச் சொல்வது? சிரித்து மழுப்பிவிட்டு டீயைக் குடிக்கிறார்.

கோபால்பூர், ஒடிசாவின் தென்பகுதிக் கரையில், கஞ்சம் மாவட்டத்தில் இருக்கும் சிற்றூர். ஹவுரா - சென்னை ரயில் பாதையில் பிரம்மபூர் ஸ்டேஷனில் இறங்கினால் 16 கி.மீ. சென்னையிலிருந்து பிரம்மபூர் சுமார் 1,050 கி.மீ. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் அங்கே நிற்கிறது. பூரிக்கு ஜெகந்நாதர் இருக்கிறார். மழை கொட்டினாலும் அங்கே கூட்டம் குறையாது. கோபால்பூருக்கு அந்தத் துணை இல்லை. துர்கா பூஜையிலிருந்து குளிர்காலம் முடியும்வரை வங்காளக் குடும்பங்கள் வருகின்றன. மற்ற மாதங்களில் கடல் பெரும்பாலும் தனியாகத்தான் இருக்கிறது. ஜூன் மத்தியில் தென்மேற்குப் பருவமழை ஒடிசாவுக்குள் நுழைந்தது முதல் அக்டோபரில் விடைபெறும்வரை, வானம் அனேக நாட்கள் மூடிக் கிடக்கும்.

கேமராவோடு வருகிறவருக்கு வேண்டியது அந்த மூடிய வானம்தான். மேகமூட்டம் என்பது ஓசியில் கிடைக்கும் ஸ்டூடியோ. வானம் முழுக்க வெள்ளை வேட்டி கட்டியதுபோல வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக இறங்குகிறது. நிழல் கிடையாது. உச்சி வெயிலில் கண் கூசும் மணல், இப்போது ஈரமும் மேடுபள்ளமும் தெரிய அமைதியாகக் கிடக்கும். வெயில் நாளில் படம் எடுக்கக் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்றால், மந்தார நாளில் விடிந்தது முதல் இருட்டும்வரை ஒரே வெளிச்சம். அவசரம் இல்லை.

ஆனால் இந்த வெளிச்சம் கேமராவை ஏமாற்றும். ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எடுத்துக்கொள்ளும். வெளிர் வானமும் வெள்ளை நுரையும் சட்டத்தை நிறைத்திருந்தால், வெளிச்சம் அதிகம் என்று அது முடிவு கட்டிவிடுகிறது. விளைவு, நுரை அழுக்கு நீரின் நிறத்தில் வரும். படகு கரிக்கட்டையாக வரும். அனுபவப்பட்டவர்கள் மானி சொல்வதைவிட அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் கூட்டியே எடுக்கிறார்கள். அடிவானம் கண்ணுக்குத் தெரியாததால் படம் சாய்ந்து போவது இன்னொரு தொல்லை. ட்ரைபாட் கால்களின் அடியில் ஒவ்வோர் அலையும் மணலை அரித்துக்கொண்டு போவது மூன்றாவது. கறுப்பு வெள்ளை ஃபிலிம் நாட்களில் மேகத்தைத் துலக்கிக் காட்டப் போட்ட மஞ்சள் ஃபில்ட்டரும் இங்கே பலிக்காது; நீல வானம் பின்னால் இருந்தால்தானே வெள்ளை மேகம் எடுபடும்?

கறுப்பு வெள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோகமான கடற்கரை என்றால் நிறத்தை எடுத்துவிட வேண்டும் என்பது பலருக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. இப்போது அது கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான். சோம்பலுக்கு நல்ல மறைப்பு. உண்மையில் ஆகஸ்ட் மாதத்துக் கோபால்பூரில் நிறத்துக்குக் குறைவில்லை. ஆற்று வெள்ளம் கலந்து கடல் கரையோரம் செம்மண் நிறம், அதற்கு அப்பால் பாசி நிறம். சவுக்குத் தோப்பு ஏறக்குறையக் கறுத்த பச்சை. நீலம், மஞ்சள், குங்குமச் சிவப்பு என்று வரி வரியாக வண்ணம் பூசிய படகுகள், வெயிலில் இருப்பதைவிட மந்தாரத்தில்தான் பளிச்சென்று தெரிகின்றன.

இந்தியாவின் மழைக்காலத்தைப் படம் பிடித்தவர்களின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. நியூசிலாந்துக்காரரான பிரையன் பிரேக் எடுத்த மழைக்காலப் படத் தொகுப்பு 1961-ல் லைஃப் பத்திரிகையில் வந்து உலகப் புகழ் பெற்றது. அதில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் படம், முதல் மழையை முகத்தில் ஏந்தி நிற்கும் ஓர் இளம்பெண். அந்தப் பெண் பிற்காலத்தில் நடிகையாகவும் இயக்குநராகவும் பெயர் பெற்ற அபர்ணா சென். இடம் கல்கத்தாவில் ஒரு மொட்டை மாடி. மழை வந்தது பூவாளியிலிருந்து! ரகுபீர் சிங் 1967-ல் பிகாரின் முங்கேரில் எடுத்த படத்துக்குப் பூவாளி தேவைப்படவில்லை. கொட்டும் மழையில் ஒருவரோடு ஒருவர் ஒட்டி ஒடுங்கி நிற்கும் பெண்கள், கலர் ஃபிலிம். முதல் படத்தில் மழை ஒரு மனநிலை. இரண்டாவதில் அது சிலருக்கு நேர்ந்துகொண்டிருக்கும் ஒரு காரியம். வெறிச்சோடிய கடற்கரையை எடுக்க வருகிறவர்கள் முன்னாலும் இந்த இரண்டு வழிதான் இருக்கிறது. பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது முதலாவதை.

தமிழ் படித்தவர்கள் இதில் கூடுதலாகச் சறுக்க இடமுண்டு. நெய்தல் நிலத்துக்கு இரங்கல் என்று இலக்கணமே எழுதி வைத்திருக்கிறது, பொழுது எற்பாடு. காரை முல்லைக்குக் கொடுத்த இலக்கணம் நெய்தலுக்கு என்று தனியாக ஒரு பருவத்தை ஒதுக்கவில்லை. ஆகவே கார்மேகத்தின் கீழே ஒரு கடற்கரை என்பது திணை மயக்கம். இரங்கலும் உண்டு, காத்திருப்பும் உண்டு. ஆனால் அந்த இலக்கணத்திலும் கரை தானாக இரங்குவதில்லை. இரங்குவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

கோபால்பூரின் வெறுமை மழையோடு வந்ததும் அல்ல. கடலுக்கு எதிர்த் திசையில் கேமராவைத் திருப்பினால் இது தெரிந்துவிடும். கடற்கரைச் சாலையை ஒட்டி, கூரை இழந்த பெரிய வீடுகள். தூண்கள் மட்டும் மிஞ்சிய வராந்தாக்கள். சுவரைப் பிளந்துகொண்டு இறங்கும் ஆலம் வேர்கள். மணலில் பழைய படகுத்துறையின் சிதைவுகள். பேய் பங்களா என்று தலைப்புக் கொடுத்துப் படம் போடத் தோதான இடங்கள். அப்படிப் போடவும் செய்கிறார்கள். இவை வியாபாரிகளின் வீடுகள், கிடங்குகள்.

1936 ஏப்ரல் 1-ல் ஒரிசா தனி மாகாணமாகும்வரை கஞ்சம் மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. மாகாணத்தின் வடகோடித் துறைமுகங்களில் ஒன்று கோபால்பூர். துறைமுகம் என்று பெயரே தவிர, கப்பல் அணையும் இடம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டிப் போக வேண்டும். இந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் உடையாது, வளைந்து கொடுக்கும். துறைமுகம் கட்டப்படும்வரை சென்னையிலும் வெள்ளைக்காரர்கள் இதே படகில்தான் நனைந்தபடி கரையேறினார்கள்.

கோபால்பூரிலிருந்து தானியமும் தோலும் போயின. கூடவே மனிதர்களும் போனார்கள். கஞ்சம், விசாகப்பட்டினம் மாவட்டங்களின் ஏழைகள் ரங்கூனின் அரிசி ஆலைகளுக்கும் கப்பல் துறைக்கும் கூலிகளாக இங்கிருந்து கப்பல் ஏறினார்கள். 1890-களில் வந்த கிழக்குக் கடற்கரை ரயில் பாதை, ஊரைத் தொடாமல் பிரம்மபூர் வழியாகப் போய், கரையோரச் சரக்கைப் பறித்துக்கொண்டது. மிச்சமிருந்த பர்மா போக்குவரத்தை இரண்டாம் உலகப் போர் முடித்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதன்பின் கோபால்பூருக்குப் பழைய நாட்கள் திரும்பவில்லை. காற்று வாங்க வந்த துரைமார்களுக்காக 1914-ல் ஓர் இத்தாலியர் கட்டிய ஓட்டல் மட்டும் கைமாறிக் கைமாறி இன்றும் நடக்கிறது. வீடுகள் நிற்கின்றன, அவ்வளவுதான். ஆலம் வேருக்குப் பின்னால் பேய் எதுவும் இல்லை. ரத்தான ஒரு கப்பல் தடம் இருக்கிறது.

மீண்டும் கடலுக்குத் திரும்பலாம். ஆளில்லாத கரை என்று தூரத்திலிருந்து தெரிவது, கிட்டே போனால் அப்படி இல்லை. மேட்டில் ஏற்றிய படகுகளின் மறைவில், காற்று படாத பக்கத்தில், நாலைந்து பேர் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். சீட்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சினைப் பிரித்துப் போட்டவர் இருக்கிறார். அவர்கள் சட்டத்துக்குள் வராத கோணத்தைப் புகைப்படக்காரர் தேடுகிறார், அல்லது எழுந்து போகட்டும் என்று காத்திருக்கிறார். வெறுமையான படம் எடுப்பதற்கு இவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இவர்கள் நோலியாக்கள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் ஒடியா. பூரிக் கடற்கரையில் கூம்புத் தொப்பி போட்டுக்கொண்டு, குளிக்கிறவர்களைக் கையைப் பிடித்து அலைக்குள் அழைத்துப் போகிறவர்களும் இதே இனத்தார்தான். தமிழ்க்காரருக்கு இங்கே ஒரு சௌகரியம்: அண்ணா என்று கூப்பிட்டால் அது தெலுங்கிலும் அண்ணாதான். கட்டுமரத்தை அவர்கள் தெப்பம் என்று சொல்வதும் புரிந்துவிடும்.

கூண்டு ஏறிய நாளுக்குக் கூலி கிடையாது. படகுக்கும் எஞ்சினுக்கும் வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் உண்டு. அது வானிலை அறிக்கை பார்ப்பதில்லை. கடலுக்குப் போக முடியாத நாட்கள் மழைக்காலத்தோடு முடிவதுமில்லை. கிழக்குக் கரை முழுவதற்குமான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். கோபால்பூருக்கு வடக்கே ரிஷிகுல்யா ஆற்றின் முகத்துவாரத்தில் லட்சக்கணக்கான பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. அவற்றைக் காக்க நவம்பர் 1 முதல் மே 31 வரை அங்கே 20 கி.மீ. தூரத்துக்கு இயந்திரப் படகுகளுக்குத் தடை. ஊரை ஒட்டி ராணுவத்தின் வான் பாதுகாப்புக் கல்லூரி இருக்கிறது. கடலை நோக்கிய துப்பாக்கிப் பயிற்சி நடக்கும் நாட்களில் அந்தப் பக்கமும் போகக் கூடாது. ஒவ்வொரு தடைக்கும் நியாயமான காரணம் இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மீனவருக்கு மிஞ்சும் நாட்கள்தான் குறைவு. கஞ்சம் மாவட்டத்து இளைஞர்கள் சூரத்தின் விசைத்தறிகளுக்குப் போவது ஊரறிந்த விஷயம். மீனவக் குடும்பத்துப் பையன்கள் கேரளத்துக்கும் சென்னைக்கும் போய் அடுத்தவர் படகில் வலை இழுக்கிறார்கள். கரை காலியாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் இந்தக் கரையின் வெறுமைக்கு வேறொரு முகமும் உண்டு. அதைப் பார்க்க 2013 அக்டோபர் 12-க்குப் போக வேண்டும். அன்று துர்காஷ்டமி. சாதாரண ஆண்டாக இருந்தால் சீஸன் தொடங்கி, கடற்கரையில் பொரி வண்டிகளுக்கு நடுவே நடக்க இடமிருக்காது. அன்றோ ஓட்டல்கள் காலி. மீனவர் குடியிருப்புகள் காலி. பூட்டிய கதவுகள், சாய்த்து வைத்த சைக்கிள்கள், மழை, காற்று. தொலைக்காட்சிக் குழுக்கள் மட்டும் மைக்கோடு தள்ளாடிக்கொண்டு நின்றன. அன்று இரவு ஃபைலின் புயல் மணிக்கு 200 கி.மீ. வேகக் காற்றோடு கோபால்பூர் அருகே கரையைக் கடந்தது. ஃபைலின் என்றால் தாய்லாந்து மொழியில் நீலக்கல். பெயர் வைத்தவருக்குக் கவிதை உள்ளம்!

அந்த நாளில் எடுக்கப்பட்ட ஆளில்லாத தெருக்களின் படங்களைப் பார்க்கிறவர்களுக்கு வயிற்றைப் பிசையும். ஆனால் அவை பேரழிவின் படங்கள் அல்ல, அதற்கு நேர்மாறானவை. 1999 அக்டோபர் 17-ல் கோபால்பூர் அருகே ஒரு புயல் கரை கடந்தது. அது ஓய்ந்து 12 நாட்கள் கழித்து, 29-ம் தேதி, பாரதீப் பக்கம் வந்த பெரும் புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பலர் வீட்டில் இருந்தவர்கள். போக இடம் இல்லை, போகச் சொல்ல ஆள் இல்லை. அந்த அடிக்குப் பிறகுதான் ஒடிசா பேரிடர் மேலாண்மைக்கென்று தனி அமைப்பை ஏற்படுத்தியது. கரை நெடுகப் புயல் காப்பகங்களைக் கட்டியது. இன்று அவை எண்ணூறுக்கும் மேல். 2013-ல் புயல் வருமுன் ஒடிசாவில் மட்டும் சுமார் 10 லட்சம் பேர் மேட்டுப் பகுதிகளுக்கும் காப்பகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். வர மறுத்தவர்களைப் போலீஸ் ஏற்றிக்கொண்டு போனது. வீடுகளும் படகுகளும் தென்னையும் தாழையும் போயின. ஒடிசாவில் இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு.

அன்று கோபால்பூரில் ஆள் நடமாட்டம் இருந்திருந்தால்தான் பயப்பட வேண்டும். வெறிச்சோடிய தெரு என்றால், பின்னால் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் அந்தத் தெருவின் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு, அவலும் வெல்லமும் தின்றுகொண்டு, குழந்தைகளை அதட்டிக்கொண்டு உயிரோடு இருக்கிறார்கள் என்று பொருள். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தைப் படத்தில் பார்த்துப் பழகிய தமிழ்க் கண்ணுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடாது. 1964 டிசம்பரில் அங்கே கரை காலியானது ஆட்கள் போய்ச் சேர்ந்ததால். 2013-ல் இங்கே காலியானது ஆட்கள் பிழைத்துப் போனதால். இரண்டு படங்களிலும் மேகம் ஒன்றுதான். சட்டத்துக்குக் கீழே போடும் ஒரு வரிதான் வேறு. அந்த ஒரு வரியை எழுதுவதற்குத்தான் பலருக்கு நேரமில்லை.

கோபால்பூரிலிருந்து வடக்கே, ரிஷிகுல்யா முகத்துவாரத்தின் பக்கம், போடம்பேட்டா என்ற மீனவர் ஊர் இருக்கிறது. இருந்தது என்று சொல்வதே சரி. புயலைப்போல ஒரே இரவில் இல்லாமல், ஆண்டுக்கணக்கில், வரிசை வரிசையாக வீடுகளைக் கடல் தின்றது. முதலில் படகு நிறுத்தும் மணல் போயிற்று. பிறகு முதல் தெரு. ஃபைலின் வந்து மிச்சத்தை ஆட்டி வைத்தது. குடும்பங்கள் உள்ளே தள்ளி அமைத்த புதுக் குடியிருப்புக்குப் போய்விட்டன. பழைய ஊரில் மிஞ்சியவை பாதிச் சுவர்களும், கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கும் அறைகளும்தான். மந்தாரக் கடலின் முன்னால் ஒரு தனிக் கதவு நிலை என்று யோசித்துப் பாருங்கள். புகைப்படக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

கடல் ஏன் உள்ளே வந்தது என்பதும் சொல்ல வேண்டிய கதை. தமிழ்நாட்டிலிருந்து வங்காளம் வரை இந்தக் கரையில் மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக் காற்றின் அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்துகின்றன. கோபால்பூர் பகுதியில் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் இப்படிப் பயணம் செய்கிறது. குறுக்கே கல் சுவர் எழுப்பினால் தெற்கே மணல் குவியும், வடக்கே கரை தேயும். சென்னைத் துறைமுகம் எழுந்த பிறகு தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரத்தில் கடல் வீட்டு வாசலுக்கு வந்ததும் இதே கணக்கில்தான். மெரினாவில் சுண்டல் தின்கிறவர்கள் உட்கார்ந்திருக்கும் மணல், ராயபுரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல். போடம்பேட்டா விஷயத்தில் ரிஷிகுல்யா அடிக்கடி வாய் மாறுவதும், புயல்களும், கரையில் எழுந்த கட்டுமானங்களும் சேர்ந்தே பேசப்படுகின்றன. எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் வழக்கு தீரவில்லை. வீடு போனதில் மட்டும் வழக்கில்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். பிரம்மபூரிலிருந்து பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் லாட்ஜ் அறை பேரம் பேசும் விலைக்குக் கிடைக்கும். ஏ.சி. அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்துப் போனால் லென்ஸ் பனி பூத்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வராந்தாவில் வைத்துவிட்டுத் திறப்பது நல்லது. காற்றில் உப்பு இருக்கிறது. லென்ஸைச் சட்டை முனையால் துடைத்தால் கீறல் நிச்சயம். முதலில் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணி. ட்ரைபாட் கால்களைத் தினமும் கழுவ வேண்டும். ராணுவக் கல்லூரிப் பக்கமும் துறைமுகப் பக்கமும் கேமராவை நீட்ட வேண்டாம், கேள்வி வரும். கூண்டு ஏறியிருக்கும்போது கரையோரம் இறங்கி நிற்பது வீரமல்ல. இந்தக் கடலின் இழுப்பு, கணுக்கால் தண்ணீரிலேயே ஆளைச் சாய்க்கக் கூடியது. கடலுக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள் என்று நோலியாக்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். கடல் எச்சரிக்கை வானிலைத் துறையின் அறிவிப்பில் இருக்கும். படகுகள் எந்த மேட்டில் நிற்கின்றன என்று பார்த்தாலும் தெரிந்துவிடும்.

போடம்பேட்டாவுக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் உள்ளே தள்ளிக் குடியேறினாலும், கடல் இடம் மாறி அவர்களோடு போய்விடவில்லை. படகுகள் இன்னும் பழைய கரையில்தான். விடியற்காலையில் அங்கிருந்துதான் தள்ளுகிறார்கள்; திரும்பி வந்து அங்கேதான் மீனைப் பிரிக்கிறார்கள். பிறகு மிஞ்சியிருக்கும் சுவர்களின் மேல், முன்பு யாருடைய வீடு என்று அவர்களுக்குத் தெரிந்த சுவர்கள், வலைகளை விரித்துப் போடுகிறார்கள். ஆளில்லாத சுவரும் கடலும் மட்டும் வேண்டுமென்றால், வலை காய்ந்து அவர்கள் எடுத்துக்கொண்டு போகும்வரை காத்திருக்க வேண்டும். மந்தார நாளில் வலை காய வெகுநேரம் ஆகும்.